ப்ளூஸ் வாசிக்க பழைய ஃப்ளாட்-டாப் கிட்டார்: முதல் தடவை வாங்கறவங்களுக்கு

அக்கூஸ்டிக்ல, அதாவது கரண்ட் வேண்டாத கிட்டார்ல, ப்ளூஸ்ங்கற அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசைய வாசிக்கணும், அதுவும் அந்தப் பழைய ரெக்கார்டுல கேக்கற மாதிரியே வரணும்னு ஆசைப்பட்டு புதுசா ஒரு நல்ல கிட்டார் வாங்கி, டியூனிங் எல்லாம் சரியா வச்சு, பாட்டையும் கத்துக்கிட்டு வாசிச்சா ஏதோ ஒண்ணு குறையுது, விரல் சரியாத்தான் போகுது ஆனா சத்தம் வேற மாதிரி வருது. எனக்கு ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது. புது கிட்டார்ல ஒரு பேஸ் கம்பியத் தட்டினா அது இழுத்துக்கிட்டே நிக்கும், அது அடங்கறதுக்குள்ள அடுத்த பேஸ் வந்து மேல விழும், ரெண்டும் சேந்து மேல் கம்பில ஓடற மெலடிய அமுக்கிடும். பழைய மலிவு கிட்டார்ல நோட்டு பட்டுனு வரும், பட்டுனு போயிடும். மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் தட்டினா ஒரு 'தொம்' வந்து அடங்கும் பாருங்க, அதே மாதிரி. அந்த அடங்கற இடத்துலதான் ப்ளூஸே உக்காந்திருக்கு, கட்டைவிரல் தாளம் போட்டுக்கிட்டே இருக்க, நடுவுல கிடைக்கற சந்துல மத்த விரல் பேசும்.

ஃப்ளாட்-டாப்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வரி: மேல் பலகை தட்டையா இருந்து நடுவுல வட்டமா ஓட்டை இருக்கறது ஃப்ளாட்-டாப், வயலின் மாதிரி பலகைய மேடா செதுக்கி இருந்தா அது ஆர்ச்-டாப். நம்ம விஷயம் முதல் ரகம்.

இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா விலையப் பாத்து நிறைய பேர் பயந்து ஓடிடறாங்க. 1920கள்லயும் 30கள்லயும் மிசிசிப்பிலயும் ஜார்ஜியாலயும் ப்ளூஸ் பாடின கறுப்பினக் கலைஞர்கள் நிறைய பேர் கையில இருந்தது பணக்கார கிட்டார் கிடையாது, சியர்ஸ் மாதிரி கம்பெனி கேட்டலாக்ல பாத்து தபால்ல ஆர்டர் போட்டு வரவழைக்கற, சில டாலர்ல முடியற கிட்டார். அதுல பெரிய பேரு ஸ்டெல்லா. ஆஸ்கர் ஷ்மிட்ங்கற கம்பெனி நியூ ஜெர்சில ஜெர்சி சிட்டில செஞ்சது. நான் இருக்கறதும் நியூ ஜெர்சிதான், இன்னைக்கு அந்த ஜெர்சி சிட்டில தோசைக்கடை வரிசையா இருக்கற தெருவுல நடக்கும்போதெல்லாம், பழைய ப்ளூஸ் பாடகர் லெட்பெல்லி கையில இருந்த பன்னிரண்டு கம்பி ஸ்டெல்லாவும் இந்த ஊர்லேந்துதானே ரயிலேறிப் போச்சுன்னு நினைச்சுக்குவேன், மனசு நிறைஞ்சு போகும்.

சரி, எங்க ஆரம்பிக்கறது?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் கேளுங்க. நிஜமாவே ஒரு மாசம், நல்ல ஹெட்ஃபோன் போட்டு. ராபர்ட் ஜான்சன் மொத்தம் 29 பாட்டுதான் ரெக்கார்ட் பண்ணினார், 1936 நவம்பர்ல சான் ஆன்டோனியோலயும் 1937 ஜூன்ல டல்லாஸ்லயும், அத முழுசா கேளுங்க. அவர் கோட்டு சூட்டு தொப்பியோட கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கற ஸ்டூடியோ போட்டோல மடியில இருக்கறது கிப்சன் கம்பெனியோட எல்-1, சின்ன உடம்புக் கிட்டார். அப்புறம் மிசிசிப்பி ஜான் ஹர்ட், 1928ல பண்ணின ரெக்கார்டையும் 1963ல அவரத் திரும்பக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தப்புறம் பண்ணினதையும் அடுத்தடுத்து கேளுங்க, கட்டைவிரல் ரெண்டு பேஸ் கம்பிக்கும் மாறி மாறி நடக்கறது எவ்வளவு நிதானம்னு தெரியும். லைட்னின் ஹாப்கின்ஸ் வேற தினுசு, கிப்சன் ஜே-50ன்னு பெரிய உடம்பு கிட்டார், ஒரே பேஸ் கம்பிய மிதிக்கற மாதிரி மிதிச்சுக்கிட்டு மேல வார்த்தைக்குப் பதில் சொல்லுவார். கேக்கும்போது உங்க மனசு எதுக்குப் போகுதுன்னு பாருங்க: மாறி மாறி நடக்கற பேஸா, ஒரே கம்பி மிதியா, இல்ல கண்ணாடிக் குழாயத் தேய்க்கற ஸ்லைடா? இந்தப் பதில்தான் எந்தக் கிட்டார்னு முடிவு பண்ணும், பிராண்ட் அப்புறம்.

அடுத்து பிரேசிங், இத கண்டிப்பா புரிஞ்சுக்கணும். மேல் பலகை ரொம்ப மெல்லிசு, 12 கேஜ் (கேஜ்னா கம்பியோட கனம்) செட்டு ஆறு கம்பியும் சேந்து இழுக்கற இழுப்பு கிட்டத்தட்ட 70 கிலோவுக்கு மேல, அதத் தாங்க உள்பக்கம் மரப்பட்டை ஒட்டியிருப்பாங்க. மார்ட்டின் கம்பெனி 1840கள்லயே ரெண்டு பட்டைய பெருக்கல் குறி மாதிரி குறுக்க போட ஆரம்பிச்சது, அத எக்ஸ் பிரேசிங்னு சொல்லுவாங்க, பலகை முழுசும் சேந்து அதிரும், சத்தம் நிறைஞ்சு நீளமா வரும். ஸ்டெல்லா, ஹார்மனி, காலமசூ மாதிரி மலிவு கிட்டார்ல ஏணிப்படி மாதிரி பட்டைய நேரா குறுக்க குறுக்க ஒட்டிட்டாங்க, செய்யறது சுலபம், செலவு கம்மி. ஆனா அந்த ஏணிதான் நான் மேல சொன்ன பட்டுனு வந்து பட்டுனு போற சத்தத்தக் குடுக்குது, நடு சுருதி முன்னாடி துருத்திக்கிட்டு வரும், கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி, சின்ன ரூம்ல நாலு பேரு பேசிக்கிட்டிருந்தாலும் அதத் தாண்டி கேக்கும். பழைய கிப்சன் எல்-00 எக்ஸ் பிரேசிங்தான், இருந்தும் உடம்பு லேசு, சின்னது, அதனால அதுலயும் அந்த வறண்ட சத்தம் இருக்கு, கூட கொஞ்சம் இனிமையும்.

வயசானா சத்தம் மாறும்ங்கறது நிஜமான்னு கேப்பாங்க. மரம் பல வருஷமா காய்ஞ்சு காய்ஞ்சு லேசாகுது, விறைப்பு மட்டும் போகல, அதனால சட்டுனு பதில் சொல்லுது. இப்ப புது கிட்டார் செய்யறவங்களே மேல் பலகைய அடுப்புல பதமா வாட்டி அந்த நிலைக்குக் கொண்டு வரப் பாக்கறாங்க. கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன், நல்லா வாசிக்கப்பட்ட 60 வருஷத்துப் பழைய கிட்டார மடியில வச்சா முதுகுப் பலகை நெஞ்சுல அதிர்றது தெரியும். பழசு எல்லாமே நல்லதுன்னு அர்த்தம் இல்ல, பழைய மட்டமான கிட்டாரும் ஏகப்பட்டது இருக்கு.

இப்ப எத வாங்கறதுன்னு வருவோம்.

கையில சில நூறு டாலர்தான்னா ஹார்மனி. சிகாகோ கம்பெனி, 1939ல ஸ்டெல்லா பேரையும் வாங்கிட்டாங்க, 1960கள் நடுவுல வருஷத்துக்கு 3,50,000 வாத்தியம் வித்த கம்பெனி, 1975ல மூடிட்டாங்க. அவ்வளவு செஞ்சதாலதான் இன்னைக்கும் அமெரிக்காவுல பரண்லேந்து இறங்கிக்கிட்டே இருக்கு. அதுல சின்ன ஸ்டெல்லா, எச்929ன்னு போட்டிருக்கும், பிர்ச் மரம், மரவரி மாதிரி பெயிண்ட்லயே கோடு இழுத்திருப்பாங்க, பாக்க பொம்மை மாதிரி இருக்கும், ஸ்லைடுக்கும் ஒரே கம்பி மிதிக்கும் அருமை. கொஞ்சம் கூட போட முடிஞ்சா ஹார்மனி சாவரின் எச்1260, பெரிய உடம்பு, ஒட்டுப்பலகை இல்லாம முழு ஸ்ப்ரூஸ் டாப், முழு மஹாகனி பக்கமும் முதுகும், உள்ள ஏணி பிரேசிங். அந்த விலைக்கு அவ்வளவு நல்ல மரம் இன்னைக்கு புதுசுல கிடைக்கறது கஷ்டம்.

ஆயிரக்கணக்குல போட முடியும்னா காலமசூ. 1930கள்ல பொருளாதாரம் படுத்துக் கிடந்தப்ப கிப்சனே மிச்சிகன்ல அப்ப இருந்த தன்னோட காலமசூ ஃபேக்டரிலயே, அந்த ஊர் பேர்லயே மலிவா விட்ட பிராண்ட், கேஜி-11, கேஜி-14ன்னு ரெண்டு ஃப்ளாட்-டாப்ப ப்ளூஸ்காரங்க தேடிப் பிடிச்சு வாங்கறாங்க. எனக்குக் கேட்டா ப்ளூஸ் விரல் வாசிப்புக்கு கேஜி-11 அளவுக்கு பொருத்தமா வேற எதுவும் இல்ல. அதுக்கும் மேல போனா ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின கிப்சன் எல்-00, மார்ட்டினோட சின்ன மஹாகனி கிட்டாருங்க, 1942ல வந்த கிப்சன் ஜே-45. எரிக் கிளாப்டன் 1992ல எம்டிவி அன்ப்ளக்ட்ல வாசிச்ச 1939 மார்ட்டின் 000-42 அப்புறம் 2004 ஏலத்துல 7,91,500 டாலருக்குப் போச்சு, அந்த உலகம் வேற, நாம அதப் பாத்துட்டு நகந்துடலாம்.

வெளிநாட்டுலேந்து ஊருக்குக் கொண்டு போற எண்ணம் இருந்தா மரத்தப் பாத்துக்கோங்க. பிரேசில் ரோஸ்வுட்டு 1992லேந்து சர்வதேசக் கட்டுப்பாட்டுல இருக்கு, காகிதம் இல்லாம எல்லை தாண்டினா பறிமுதல் வரைக்கும் போகலாம். பழைய மலிவு கிட்டார்லயே கூட விரல் பலகையும், கம்பிய மேல் பலகையோட பிடிச்சு வைக்கற பிரிட்ஜும் அந்த மரத்துல இருக்கும், அதனால மஹாகனி, பிர்ச்தானேன்னு அலட்சியமா இருக்காதீங்க. மார்ட்டின் 1969 கடைசில பிரேசில் மரத்த விட்டுட்டு எந்த மரத்துக்கு மாறினாங்கன்னா நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரத்துக்கு, தோதகத்தின்னு சொல்றோமே அதேதான்.

கையில வாங்கிப் பாக்கற நேரம் வந்தா அவசரமே படாதீங்க. என் முதல் பழைய கிட்டார நான் ஆன்லைன்ல போட்டோ மட்டும் பாத்து வாங்கினேன், அப்படியே வாசிக்கலாம்னு எழுதியிருந்தாங்க, வந்து பாத்தா பன்னிரண்டாவது ஃப்ரெட்ல (ஃப்ரெட்னா விரல் பலகைல குறுக்க பதிச்ச உலோகக் கோடு) கம்பிக்கும் மரத்துக்கும் நடுவுல என் சுண்டுவிரல் நுனி போகுது. பக்கத்து ஊர்ல கிட்டார் ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் முதல்ல வாசிச்சுக்கூட பாக்கல. சவுண்ட் ஹோல் வழியா ஒரு சின்ன பல்பையும் பல் டாக்டர் வச்சிருக்கற மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியையும் உள்ள விட்டு, வா வந்து பாருன்னார். குறுக்க குறுக்க ஏணிப்பட்டை, ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் பசை வழிஞ்சு வெல்லப்பாகு மாதிரி கறுத்து இறுகியிருந்துச்சு, ஒரு பட்டைல யாரோ பென்சில்ல எழுதின நம்பர் இன்னும் அழியாம இருந்துச்சு. அப்புறம் விரல் முட்டியால முதுகுப் பலகைய அங்கங்க தட்டிக்கிட்டே போனார், எல்லா இடத்துலயும் 'தொக் தொக்'குனு வந்தது ஒரு இடத்துல மட்டும் 'சர்ர்'னு நடுங்குச்சு. அதுதான் பசை விட்ட பட்டைன்னார். அன்னைக்கு கத்துக்கிட்டதத்தான் இப்ப உங்களுக்கு சொல்றேன்.

முதல் சோதனை நெக்கோட, அதாவது கிட்டார் கழுத்தோட, கோணம். எல்லாத்தயும் விட இதுதான் முக்கியம். ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேல ஃப்ரெட்டுங்க மேல நீளவாக்குல வச்சு பிரிட்ஜ் வரைக்கும் தள்ளுங்க, அதோட நுனி பிரிட்ஜ் மரத்தோட மேல் விளிம்பத் தொட்டா நல்லது, விளிம்புக்குக் கீழ போய் மரத்துல முட்டினா நெக்கு வருஷக்கணக்கா இழுபட்டு முன்னாடி மடங்கிடுச்சுன்னு அர்த்தம். அத சரி பண்ண நெக்க ஆவி விட்டுக் கழட்டி, அடிய கொஞ்சம் செதுக்கி, திரும்ப ஒட்டணும், நெக் ரீசெட்னு பேரு, அமெரிக்காவுல பல நூறு டாலர் ஆகும். காலமசூவுக்கு அத செலவு பண்றது நியாயம். இருநூறு டாலர் ஸ்டெல்லாவுக்கு செலவு பண்ணினா கிட்டார் விலைய விட ரிப்பேர் விலை ஏறிடும். விக்கறவங்க சாடில்ங்கற, பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற சின்னப் பட்டைய அடியில தேய்ச்சு கம்பிய இறக்கி வச்சு மறைப்பாங்க, அதனால சாடில் எவ்வளவு வெளிய நிக்குதுன்னும் பாருங்க, பிரிட்ஜோட ஒட்டிக்கிட்டு பேருக்கு நின்னா சந்தேகப்படுங்க.

ரெண்டாவது நெக்கு வளைவு. ஆறாவது கம்பிய, அதாவது எல்லாத்துலயும் தடிமனான பேஸ் கம்பிய, முதல் ஃப்ரெட்லயும் பதினாலாவது ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்குங்க, நடுவுல ஏழாவது ஃப்ரெட்டுகிட்ட ஒரு காகிதம் போற இடைவெளி இருந்தா போதும். கிப்சன்ல 1920கள்லேந்தே நெக்குக்குள்ள திருகற உலோகக் கம்பி, டிரஸ் ராட், வந்துடுச்சு, திருகி சரி பண்ணலாம், ஆனா காலமசூல அது கிடையாது, பழைய ஸ்டெல்லால கிடையாது, மார்ட்டின்லயே திருகற மாதிரி வந்தது 1985லதான். அதனால அதெல்லாம் வளைஞ்சிருந்தா ஹீட் போட்டு நிமிர்த்தணும், இல்ல ஃப்ரெட்டெல்லாம் மாத்தணும்.

மத்ததெல்லாம் வேகமா பாத்துடலாம். பிரிட்ஜோட பின் விளிம்புல ஒரு விசிட்டிங் கார்ட சொருகிப் பாருங்க, உள்ள போனா பிரிட்ஜ் தூக்குது. டாப்புல நூல் மாதிரி வெடிப்பு இருந்தா பரவால்ல, விரல் நகத்துல தட்டுப்படற அளவு ஒரு பக்கம் ஏறி இறங்கி இருந்தா பேரம் பேசுங்க. பிரிட்ஜுக்கு பின்னாடி லேசா தொப்பை போட்டிருக்கறது எல்லா பழைய கிட்டார்லயும் உண்டு. டியூனர் சுத்தலன்னா கவலையே படாதீங்க, மலிவா மாத்திடலாம், பழச மட்டும் ஒரு பையில போட்டு கேஸ்லயே வைங்க. வருஷம் தெரிஞ்சுக்க மார்ட்டின்னா சுலபம், 1898லேந்து வரிசையா நம்பர் போட்டு வர்றாங்க. ஹார்மனில உள்ள மங்கலா ஒரு எழுத்தும் ரெண்டு இலக்கமும் முத்திரை குத்தியிருக்கும், அந்த இலக்கம்தான் வருஷம். கிப்சன் நம்பர மட்டும் நம்பி பணம் குடுக்காதீங்க, 60கள், 70கள்ல ஒரே நம்பர திரும்பத் திரும்ப போட்டிருக்காங்க, தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஆறாவது கம்பி ரெண்டரை மில்லிமீட்டர் உயரத்துல நின்னா விரலுக்கு சுகம். நாலுக்கு மேல போனா அமுக்கி வாசிக்க முடியாது, ஆனா அத தூக்கிப் போடாதீங்க, அதுதான் ஸ்லைடு கிட்டார். என் முதல் கிட்டாருக்கு பெரியவர் சொன்ன ரிப்பேர் செலவு நான் வாங்கின விலைக்கு மூணு மடங்கு, நான் முகத்த தொங்கப் போட்டேன். அவர் உதிர்ந்து போன பட்டைய மட்டும் ஒட்டிக் குடுத்து, கம்பிய ஓப்பன் டி-க்கு, அதாவது எதையும் அமுக்காம தட்டினாலே டி கார்ட் வர்ற ட்யூனிங்குக்கு, இறக்கி, மேஜைல கிடந்த ஒரு கண்ணாடிக் குழாய சுண்டுவிரல்ல மாட்டி பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரா வச்சு ஒரு இழு இழுத்தார். ஒரு ஆள் அழற சத்தம் அது. அந்தக் கிட்டார இன்னும் நான் விக்கல.

கம்பி விஷயத்துல கஞ்சத்தனம் காட்டுங்க, அதாவது மெல்லிசா போடுங்க. பழைய ஸ்டெல்லாவுக்கு 11 கேஜுக்கு மேல வேண்டாம், 12 போட்டா அரை சுருதியோ ஒரு சுருதியோ இறக்கி வைங்க. லெட்பெல்லியே பன்னிரண்டு கம்பிய ரொம்பக் கீழ இறக்கித்தான் வச்சிருந்தார், கிட்டாரும் பிழைக்கும், சத்தமும் கனமா வரும். ஸ்லைடுக்கு ரெண்டு ட்யூனிங் போதும்: ஓப்பன் ஜி, அடிக் கம்பிலேந்து டி ஜி டி ஜி பி டி, ஓப்பன் டி, டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி. ரெண்டுலயும் எந்தக் கம்பியும் மேல ஏத்த வேண்டியதில்ல, இறக்கினா மட்டும் போதும், பழைய மரத்துக்கு அது எவ்வளவு நல்லதுன்னு யோசிச்சுப் பாருங்க.

பாதுகாக்கறது எப்படின்னா, இந்தக் கிட்டாருங்க ஒட்டினது விலங்குப் பசைல, சூடும் ஈரமும் சேந்தா அது இளகும். ஈரப்பதம் 45லேந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா சந்தோஷமா இருக்கும். சென்னை மாதிரி ஊர்ல கேஸுக்குள்ள ஈரம் இழுக்கற பாக்கெட் போடுங்க, அமெரிக்க குளிர்காலத்துல ஹீட்டர் ஓடற வீட்டுல அப்படியே தலைகீழ், ஈரம் குடுக்கற பாக்கெட் வேணும். கார் டிக்கில வச்சுட்டு மட்டும் எங்கயும் போகாதீங்க, ஒரு மத்தியானம் போதும் பிரிட்ஜ் கழண்டு வர.

பழசு கிடைக்கல, இல்ல ரிப்பேர் பண்ண ஆள் இல்லாத ஊர்ல இருக்கீங்கன்னா, டெக்ஸாஸ் ஆஸ்டின்ல காலிங்ஸ் கம்பெனி செய்யற வாட்டர்லூ டபிள்யூஎல்-14ன்னு ஒண்ணு இருக்கு, காலமசூ கேஜி-14 மாதிரியே செஞ்சது, ஏணி பிரேசிங்லயே கேட்டு வாங்கலாம், விலை அதிகம்தான். மார்ட்டின் 00-15எம் முழு மஹாகனி, எக்ஸ் பிரேசிங், ஆனா வறண்ட சத்தத்துக்கு பக்கத்துல வரும்.

வீட்டுக்குக் கொண்டு வந்த முதல் வாரம் பாட்டு எதுவும் கத்துக்காதீங்க. ஈ கார்ட் புடிச்சுக்கிட்டு கட்டைவிரலால ஆறாவது கம்பிய மட்டும் ஒரே சீரா தட்டுங்க, உள்ளங்கையோட அடிய பிரிட்ஜ் மேல லேசா வச்சுக்கிட்டு, காலால தரையத் தட்டிக்கிட்டு, பத்து நிமிஷம். கைய எவ்வளவு தள்ளி வச்சா 'தொம்' வருது, எவ்வளவு நெருங்கினா 'டக்'குனு செத்துப் போகுதுன்னு ஒவ்வொரு பழைய கிட்டாருக்கும் ஒரு இடம் இருக்கு, அது மில்லிமீட்டர் கணக்கு, அத நீங்கதான் தேடணும். அது கிடைச்சப்புறம் முதல் கம்பில ஒரே ஒரு நோட்ட, ரெண்டு தட்டுக்கு நடுவுல போட்டுப் பாருங்க.